பின்னலில் விழும் வெயில்

ஜூன் 3, திங்கள்

என் கைகளை இன்று பதினோராயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். கைகளை மட்டும்.

எங்கள் சலூனின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் நிகில் ஒரு வீடியோ போட்டிருக்கிறான். கறுப்புக் கையுறை போட்ட இரண்டு கைகள் ஒரு பெண்ணின் பின்னலை அவிழ்த்து, பிரஷ்ஷால் தீட்டுகின்றன. முழங்கைக்கு மேல் எதுவும் தெரியாது. பின்னணியில் அவன் குரல்: "ரெண்டு வருஷமா நான் டெவலப் பண்ண டெக்னிக் இது. இதுக்கு நான் வச்ச பேரு, ஜடை பாலயாஜ்."

கையுறைக்குள் இருப்பவை என் கைகள். பயிற்சிக்காக எடுப்பதாகச் சொல்லித்தான் எடுத்தான். எங்கள் சலூனின் தலைமை ஸ்டைலிஸ்ட் என்பதால் நேரில் அவனை 'சார்' என்கிறேன். இந்த நோட்டில் இனி அவன்தான்.

பாலயாஜ் என்பது ஃபாயில் சுற்றாமல், தொப்பி மாட்டாமல், கைப்போக்கில் முடியை வெளுப்பது. வேரைத் தொடக்கூடாது. நடுவில் பட்டும் படாமலும் தொட்டு, நுனிக்குப் போகப் போக மருந்தை நிறைக்க வேண்டும். எங்கே ஆரம்பித்தது என்று கோடு தெரியக்கூடாது. வெயிலில் அலைந்த முடி தானாக வெளுத்தது போல இருக்க வேண்டும். முடியை விரித்துப் போட்டுத் திரிகிறவர்களுக்காக யோசித்த முறை இது. நம் ஊர்ப் பெண்கள் ரிசப்ஷனில் ஒரு மணி நேரம் விரித்துப் போடுவார்கள், மீதி நாளெல்லாம் பின்னல்தான். பின்னினால் வெளுத்த கற்றைகள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துகொள்ளும். இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் பாலயாஜ் செய்துகொண்டு போன ஒரு பல் டாக்டரம்மா திரும்பி வந்து, "ஏம்மா, பின்னுனா அணில் முதுகு மாதிரி இருக்குது" என்றார்.

அன்று சாயங்காலமே ஒரு பொம்மைத் தலை வாங்கினேன். பீளமேட்டில் என் அறை ஜன்னலோரம் வைத்து, தளர்வாகப் பின்னி, எந்தெந்த வளைவில் வெளிச்சம் விழுகிறது என்று பார்த்து, அங்கே மட்டும் பிரஷ் நுனியால் பொட்டு வைத்து, அவிழ்த்து, பொட்டுகளைச் சேர்த்துத் தீட்டிப் பார்த்தேன். நாற்பது தடவையாவது கெட்டிருக்கும். பிறகு வந்தது. விரித்தாலும் அழகு, பின்னினாலும் அழகு.

நிகில் அப்போது என்ன சொன்னான்? "நல்லாருக்கு ஷெனா, ட்ரை பண்ணு." இதுதான் அவன் டெவலப் பண்ணியது.

ஷெனாவும் அவன் வைத்த பெயர்தான். செண்பகவல்லி என்பது பேட்ஜில் அடங்காதாம்.

ஜூன் 4, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. வீடியோ இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அப்பா இரண்டு முறை கூப்பிட்டிருந்தார். எடுக்கவில்லை, வேலை இருந்தது.

ஜூன் 8, சனி

முதலாளி வினோதினி மேடத்திடம் பேசினேன். இரண்டு நாள் குளியலறையில் ஒத்திகை பார்த்திருந்தேன். உட்காரச் சொன்னார்கள், க்ரீன் டீ வந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, காரியம் நடக்காது.

"மேடம், அந்த வீடியோவில இருக்கிறது என்னோட முறை. உங்களுக்கே தெரியும். டாக்டரம்மாவுக்கு முதல்ல பண்ணப்ப நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்க."

"பாத்தேன்ம்மா. இல்லைன்னு யாரு சொன்னா? ஆனா ஒரு பிராண்டுன்னா ஒரு முகம் வேணும். நிகில் நல்லா பேசறான், இங்கிலீஷ் வருது, மேடை பயமில்ல. நீ கூச்ச சுபாவம்."

"நான் கூச்சப்படறேன்னு யார் சொன்னாங்க மேடம்?"

"பாரு, இப்பவே குரல் நடுங்குது."

கோபத்தில் நடுங்கியது. கோபத்தில் நடுங்கினாலும் கூச்சம் என்றுதான் எழுதிக்கொள்வார்கள் போல. என் பெயரையாவது கீழே போடச் சொல்லிக் கேட்டேன். நிகிலிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். திருடியவனிடம் அனுமதி கேட்டுச் சொல்வார்களாம்.

ஜூன் 15, சனி

முடிக்கான மருந்துகள் தயாரிக்கும் ஒரு கம்பெனி, தென்னிந்தியாவுக்குத் தன் பயிற்சியாளராக நிகிலைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. வீடியோவைப் பார்த்துத்தான். ஜூலை பதினான்காம் தேதி அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டலில் முதல் வகுப்பு. அறுபது சலூன்களிலிருந்து வருவார்கள். மேடையில் ஒரு பெண்ணுக்கு நேரடியாகச் செய்து காட்ட வேண்டும்.

சலூனில் கேக் வெட்டினார்கள். நானும் சாப்பிட்டேன். இதை எழுதும்போது அதுதான் எல்லாவற்றையும் விட எரிச்சலாக இருக்கிறது. ஒரு துண்டு தின்றுவிட்டு, ரின்பூயி நீட்டிய இன்னொரு துண்டையும் வாங்கினேன்.

ரின்பூயி மிசோரம் பெண். எங்கள் சலூனில் எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி. காதோரம் குனிந்து, "அக்கா, கேக்கு நல்லா இருக்கு. ஆளு நல்லா இல்ல" என்றாள்.

ஜூன் 18, செவ்வாய்

அப்பா வந்திருந்தார். சூலூரில் பெரியம்மா மகன் வீட்டுப் பால் காய்ச்சுக்கு வந்தவர், போன் எடுக்கவில்லை என்று சலூனுக்கே வந்துவிட்டார். கடலைமிட்டாய் கொண்டுவந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்தேன். நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

டீ நன்றாக இல்லை.

ஜூன் 19, புதன்

நேற்று நடந்ததை முழுதாக எழுதவில்லை. இன்று நடந்தது புரிய வேண்டுமென்றால் எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று நான் உள்ளே ஒரு அம்மாளுக்கு, வெளுத்த முடியின் மஞ்சளைத் தணிக்கும் டோனர் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது வரவேற்பு சோபாவின் ஓரத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். எதிரே நிகில், பக்கத்தில் ரின்பூயி. மூன்று பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரின்பூயி, "அக்கா, யாரு வந்திருக்காங்க பாரு" என்றாள்.

"ஊர்க்காரர்" என்றேன். "எங்க தெருதான்."

ரின்பூயியின் முகம் எப்படியோ ஆயிற்று. நிகில் காபிக் கோப்பைக்குள் பார்த்தான். அப்பா எழுந்து, பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆமா தம்பி, ஊர்க்காரன்தான்" என்றார்.

நான் வருவதற்கு முன்பே அவர் எல்லாம் சொல்லியிருந்தார். வல்லியோட அப்பா, கோவில்பட்டியில் சலூன், முப்பத்தெட்டு வருடமாக அதே கடை, நம்ம தொழில்தான் தம்பி. எல்லாம்.

இங்கே சேர்ந்தபோது, அப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்குப் பிள்ளை என்று சொல்லியிருந்தேன். ஏன் சொன்னேன் என்பதை இங்கே எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. எங்கள் சாதிப் பெயரை வசைச் சொல்லாக்கி வைத்திருக்கும் ஊரில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் தங்கள் சீப்பை யாரும் தொடாமல் படித்தவர்களுக்குத் தெரியும்.

இன்று மதியம் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நிகில் கதவில் சாய்ந்து நின்றான்.

"ஷெனா, இப்பத்தான் எனக்குப் புரியுது. உனக்கு எப்படி இவ்ளோ ஈஸியா கை வருதுன்னு யோசிச்சிருக்கேன். உங்க ரத்தத்துலயே இருக்கு. அது டேலண்ட். நான் அதை டெக்னிக் ஆக்கினேன். ரெண்டும் வேற வேற. அந்த வீடியோ பத்தி மேடம்கிட்ட போய்ப் பேசினியாமே? இதை முதல்லயே சொல்லிருந்தா சண்டையே வந்திருக்காது."

புன்னகையோடு சொன்னான். பாராட்டுவது போல. நான் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன்.

என் ரத்தத்தில் இல்லை. அப்பா என்னைக் கடைக்குள் விட்டதே கிடையாது. சாப்பாட்டுத் தூக்கை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிட வேண்டும். படி ஏறினால் திட்டுவார். ஒரு கத்தரிக்கோலை அவர் என் கையில் கொடுத்ததில்லை. நான் கற்றது சென்னையில், ஆறு மாதம் பிறர் தலையைக் கழுவி, பிளீச்சில் விரல் நுனித் தோல் உரிந்து, மஞ்சள் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய். கறுப்பு முடி வெளுக்கும்போது முதலில் சிவப்பு, பிறகு செம்பு, பிறகு பழுத்த வாழைப்பழத் தோல் நிறம் என்று எந்த நிமிடம் எது வரும் என்பதை நாலு வருடம் கடிகாரம் பார்த்துக் கற்றேன். ரத்தமாம். நிகிலின் அப்பா சிமெண்ட் ஏஜென்சி நடத்துகிறார். நிகில் படித்துக் கற்றுக்கொண்டவன். நான் மட்டும் பிறந்தே வந்துவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

லீவு. துணி துவைத்தேன். அப்பாவுக்குப் போன் செய்ய நினைத்தேன். பிறகு செய்யலாம்.

ஜூன் 29, சனி

மேடையில் உட்காரப் போகிற பெண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மிருதுளா. பொள்ளாச்சி, வங்கியில் வேலை. இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. செப்டம்பரில் கல்யாணம். இலவசமாகச் செய்வார்கள் என்றதும் வந்திருக்கிறாள். அவள் முடி விவரங்களைக் கார்டில் எழுத என்னிடம் அனுப்பினார்கள்.

"முடிக்கு வேற ஏதாவது போடறீங்களா?"

"மருதாணிதாங்க. கறுப்பு மருதாணிப் பொடி. பாக்கெட்ல வருமே, அது. மாசம் ஒரு தடவை."

இலையை அரைத்த மருதாணி வேறு, இது வேறு. சில கறுப்புப் பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்கும். அதன் மேல் பிளீச் பட்டால் முடி கொதிக்கும். உண்மையாகவே கொதிக்கும், கையால் தொட்டால் சுடும். பிறகு இழுத்த இடத்தில் அறுந்து வரும். ஒரு கற்றையை வெட்டி முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கார்டில் எழுதினேன். நிகிலிடமும் சொன்னேன். "கறுப்பு மருதாணி போட்டிருக்காங்க சார். டெஸ்ட் பண்ணிடுங்க."

"ஹென்னாதானே" என்றான் போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

சொல்லியாகிவிட்டது. ஒரு தடவை சொன்னேன். போதும்.

ஜூலை 6, சனி

மேடையில் கைவேலையை நான் செய்ய வேண்டுமாம், நிகில் மைக்கில் விளக்குவானாம். முடியாது என்றேன். வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடத்தில் நான் சொன்ன முதல் 'முடியாது'.

"அப்ப பின்னாடி நின்னு மருந்து கலந்து கொடு. தீட்டறதை நானே பாத்துக்கறேன்" என்றான். பார்த்துக்கொள்ளட்டும். அவன் பின்னி நான் பார்த்ததே இல்லை.

ரின்பூயி, "அக்கா, அந்தப் பொண்ணுக்கு டெஸ்ட் பண்ணாச்சா?" என்று கேட்டாள். அது நிகிலின் வேலை என்றேன். அவள் இன்னும் ஏதோ கேட்க வந்தாள், கஸ்டமர் வந்துவிட்டார்.

ஜூலை 14, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஹோட்டல் ஹால் நிறைந்திருந்தது. திரையில் பெரிய எழுத்தில் 'ஜடை பாலயாஜ்: நிகில்'. மிருதுளா நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்துக் கையசைத்தாள். நான் மேடையின் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால், கிண்ணங்களோடு நின்றேன்.

நிகில் பின்ன ஆரம்பித்தான். மூன்று கால் எடுத்தான், ஒன்று நழுவியது. மறுபடி எடுத்தான். பின்னல் ஒரு பக்கம் கோணிக்கொண்டு இறங்கியது. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவசர அவசரமாகப் பொட்டு வைத்து, அவிழ்த்து, தீட்டத் தொடங்கினான். நடுவில் தொட்டுவிட்டு நுனிக்கு நிறைக்க வேண்டியதை, வேரை மட்டும் விட்டு மற்ற எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அப்பினான். மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தான்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். மிருதுளா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், முடியைத் தொட்டு, வெடுக்கென்று எடுத்தாள். பிளாஸ்டிக் தாளின் உள்பக்கம் ஆவி பூத்திருந்தது. அழுகிய முட்டை நாற்றம் திரை வரைக்கும் வந்தது.

"சார், சுடுது" என்றாள்.

"லைட்டா வார்ம் ஆகும், அது நார்மல்" என்றான் மைக்கில்.

நான் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். எதையும் யோசிக்கவில்லை. தாளை உரித்தேன். கையுறையைத் தாண்டிச் சுட்டது. மேடை ஓரத்தில் வாஷ் பேசின் வைத்திருந்தார்கள். மிருதுளாவை எழுப்பி, குனிய வைத்து, குழாயை முழுசாகத் திறந்து நுனியிலிருந்து கழுவினேன். இடப்பக்கத்தில் இரண்டு கற்றை ஈர நூல் போல இழுபட்டு, என் கையோடு வந்துவிட்டது. ஒரு முழம் இருக்கும். அவள் அதைப் பார்த்துவிட்டாள். அலறினாள். அவள் அம்மா மேடைக்கு ஓடி வந்தார்.

மருந்து வேரைத் தொடாததால் தலைத்தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீதி முடி பிழைத்தது.

நிகில் மைக்கை விடவில்லை. "சாரி ஃபிரண்ட்ஸ். அசிஸ்டன்ட் மிக்ஸ் பண்ணதுல ரேஷியோ தப்பாயிடுச்சு. இதுவும் ஒரு லெசன்தான், மிக்ஸிங்ல கவனமா இருக்கணும்."

ஈரக் கையோடு திரும்பினேன். எனக்கு மைக் தேவைப்படவில்லை.

"கலந்த கிண்ணம் அங்க இருக்கு. யார் வேணா வந்து பாருங்க. இவங்க முடியில கறுப்பு மருதாணி இருக்கு. கார்டுல எழுதியிருக்கேன், உங்ககிட்டயும் சொன்னேன். நீங்க டெஸ்ட் பண்ணல. சொல்லுங்க சார், பண்ணீங்களா?"

மூன்றாவது வரிசையில் வெள்ளை வேட்டி கட்டிய பெரிய உடம்புக்காரர் ஒருவர் எழுந்தார்.

"ஈரோட்டுல இருந்து வரேனுங்க, பேரு சென்னியப்பன். ஒரே ஒரு சந்தேகமுங்க. இந்த ஜடை முறை நீங்க கண்டுபுடிச்சதுன்னு சொல்றீங்க. உங்களுக்குப் பின்னவே வரலீங்களே?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "நான் கண்டுபிடிச்சது" என்றேன். "வீடியோவில இருக்கிறதும் என் கைதான்." சொல்லிவிட்டு மிருதுளாவின் தலையில் துண்டைச் சுற்றினேன். அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அவள் முன்னால் நின்று நான் கண்டுபிடித்ததைப் பற்றிப் பேசியது எனக்கே அசிங்கமாக இருந்தது.

ஜூலை 15, திங்கள்

மேடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். நிகழ்ச்சியைக் குலைத்ததற்காக.

"அந்தப் பொண்ணோட முடிய விட நிகழ்ச்சி பெரிசுங்களா மேடம்?"

"முடிய நீ காப்பாத்தினே, சரி. அதோட நிறுத்தியிருக்கலாமில்ல? அறுபது பேர் முன்னாடி நம்ம பேரைக் கெடுக்கணுமா?"

'நம்ம பேரு'. வீடியோவில் இல்லாத என் பேர், கெடும்போது மட்டும் சேர்ந்துகொள்கிறது. கடிதம் எழுதினேன், ராஜினாமா. செண்பகவல்லி என்று முழுதாகக் கையெழுத்துப் போட்டேன்.

ரின்பூயி வாசல் வரை வந்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கவா? நீ நிகில் சார்கிட்ட எத்தனை தடவை சொன்ன?"

"ஒரு தடவை."

"எனக்குப் பெராக்சைடு மூடி சரியா மூடலன்னா நாலு தடவை சொல்லுவ" என்றாள்.

ஜூலை 16, செவ்வாய்

அவள் சொன்னது சரி. அவன் கேட்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். மிருதுளாவுக்கே நான் போன் செய்திருக்கலாம். நம்பர் கார்டில் இருந்தது. மேடையில் அவன் அவமானப்பட வேண்டும் என்று விரும்பினேன். அந்த அவமானம் யாருடைய தலையில் நடக்கும் என்று நினைத்துப் பார்க்காதது போல இருந்துகொண்டேன்.

ஜூலை 18, வியாழன்

பொள்ளாச்சிக்குப் போனேன். மிருதுளாவின் அம்மா கதவைப் பாதி திறந்து, "இன்னும் என்ன வேணும் உங்களுக்கெல்லாம்?" என்றார். மிருதுளா பின்னால் வந்து நின்றாள். தலையில் துப்பட்டா.

சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன் என்பதையும், ஏன் என்பதையும்.

அவள் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அப்ப உங்க ரெண்டு பேரு சண்டைக்கு என் முடியா கெடச்சுது? நீங்க வந்து காப்பாத்துனீங்கன்னு நான் எல்லாருகிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். என் ஃபிரண்ட்ஸ்கிட்ட உங்களப் பத்திப் பெருமையா பேசுனேன்."

"தப்புத்தாங்க."

"தப்புன்னு சொல்லிட்டா வளந்துருமா?"

ஒன்றரை மாதமாக நான் பட்ட கோபம் அவள் கோபத்தில் பாதிக்குக்கூட ஈடாகாது. அவளுக்கு அதற்கு முழு உரிமை இருந்தது.

புறப்படத் திரும்பினேன். "இருங்க" என்றாள். "இத இப்படியே வச்சுட்டு நான் மணவறைல உக்கார முடியாது. உங்களுக்குச் செய்யத் தெரியுமா, தெரியாதா?"

இனி ஒரு வருடத்துக்கு எந்த மருந்தும் போடக்கூடாது, வெட்டித்தான் சரிசெய்ய வேண்டும், நீளம் இடுப்புக்கு மேலே வந்துவிடும் என்றேன். முற்றத்து வெளிச்சத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அறுந்த இடத்தை மற்ற கற்றைகள் மூடும்படி படிப்படியாக இறக்கினேன். தளர்வாகப் பின்னிக் காட்டினேன். கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் கோபம் குறையாமலே. அவள் அம்மா காபி தரவில்லை. தராதது நியாயம்.

ஜூலை 25, வியாழன்

ஈரோட்டு சென்னியப்பன் போன் செய்தார். என் நம்பரை ரின்பூயியிடம் வாங்கியிருக்கிறார். அவர் சலூனில் ஐந்து பெண்கள் வேலை பார்க்கிறார்களாம், அவர்களுக்கு ஆகஸ்ட் ஏழாம் தேதி ஜடை முறையைக் கற்றுத்தர வேண்டுமாம். சரி என்றேன்.

"ஏனுங்கம்மிணி, நோட்டீஸ்ல உங்களப் பத்தி நாலு வரி போடணும். ஊரு, பேரு, குடும்பம். சொல்றீங்களா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

அப்பாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். ஈரோட்டு வகுப்பைப் பற்றிச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தேன்.

"அப்பா, அன்னைக்கு உங்கள ஊர்க்காரர்னு சொன்னேன்லா."

"அத விடு தாயி. வேல பாக்குற இடத்துல நூறு இருக்கும்."

"விடச் சொல்லாதிய. நான் இங்க சேந்த அன்னைக்கே நீங்க தீப்பெட்டிக் கம்பெனியில கணக்குப் பிள்ளன்னு சொல்லிட்டேன். அஞ்சு வருசமா அதத்தான் சொல்லிட்டு இருந்தேன்."

அந்தப் பக்கம் மூச்சு விட்டு விட்டு வந்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். பார்த்தால், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"கணக்குப் பிள்ளயா? எனக்குக் கூட்டலே வராதே. சரி, நானும் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது. இங்க எல்லாருட்டயும் நீ கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கேன்னு சொல்லிருக்கேன்."

"என்னது?"

"ஆமா. ஏழெட்டு வருசமா. நீ மெட்ராசுல இருந்தப்பவே சொல்லியாச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "நான் என்ன திருட்டுத் தொழிலாப்பா பாக்கேன்? நீங்க எப்படி அப்பா என்னைய அப்படி மறைக்கலாம்?" என்று கத்தினேன். பக்கத்து அறைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"என் பிள்ளையவும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுருவானுவளோன்னுதான். அதுக்குத்தான் உன்னையக் கடைப்படி ஏறவே விடல. நீ என்னன்னா சுத்திப் போயி அதே வேலையில நிக்க. யாருட்ட போயிச் சொல்ல?"

"நீங்க ஏன் மறைச்சியளோ அதுக்குத்தான் நானும் மறைச்சேன்."

"அப்ப எதுக்கு என்னையப் போட்டு ஏசுத?"

அவர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் கோபம் போகவில்லை. "நாளைக்குக் கடை தொறந்ததும் முத ஆளுட்ட உண்மையச் சொல்லணும். சொல்லிட்டு எனக்குப் போன் போடுங்க" என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 27, சனி

பத்தரை மணிக்கு அழைத்தார்.

"சொல்லிட்டேன்."

"யாருட்ட?"

"முத ஆளு நம்ம ரிட்டையர்டு தபால்காரரு. அவருக்கு ஒரே கோவம். மூணு வருசமா அவரு மகனுக்கு உன் கம்பெனியில வேல வாங்கித் தரச் சொல்லி எங்கிட்ட காயிதம் காயிதமாக் குடுத்திருக்காருல்லா. மேசையில ஒரு கத்தை கெடக்கு. பாதிச் சவரத்தோட துண்ட உதறிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

"அய்யோ. அப்புறம்?"

"ஒரு மணி நேரங் கழிச்சு மீதிக்கு வந்தாரு. ஒரு பக்கத்து மீசையோட எங்க போவாரு? உக்காந்து, கண்ண மூடிக்கிட்டே கேட்டாரு: 'சுடலமுத்து, உன் மக அந்த வேலையில கெட்டிக்காரியா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னிய?"

கடை ரேடியோ கேட்டது.

"நான் பாத்ததில்லயேன்னேன்" என்றார். பிறகு, "ஈரோட்டுல என்னமோ வகுப்புன்னியே. ஓரமா நின்னு பாக்க விடுவாவளா?"

உடனே சென்னியப்பனைக் கூப்பிட்டேன். வகுப்பை ஆகஸ்ட் ஏழு புதன் என்று வைத்திருந்தோம். ஆறாம் தேதி செவ்வாய்க்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"மாத்திப்போடலாமுங்க. ஏனுங்க, புதன்கிழமை ஏதாச்சும் வேலையா?"

"எங்க அப்பா பாக்க வராருங்க. அவருக்குச் செவ்வாய்க்கிழமைதான் கடை லீவு."

"அப்படீங்களா, சந்தோசம். என்ன கடைங்க?"

சொன்னேன்.